மூஞ்சூறு எலி அல்ல

வல்லக்கோட்டையில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். ஒரு நாள் காலை, சத்துணவுக் கூடத்தில் வைத்திருந்த எலிக்கூண்டில் ஒரு மூஞ்சூறு சிக்கியிருந்தது. "இதுவும் எலி வகைதான், மூக்கு மட்டும் நீளம்" என்று மாணவர்களிடம் சொன்னேன். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். ஒரகடம் தொழிற்சாலை வேலைக்காகப் பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. "சூஹா இல்லை சார், சசூந்தர்" என்றாள். இந்தியில் எலிக்கு ஒரு சொல், மூஞ்சூறுக்கு வேறொரு சொல். தமிழிலும் அப்படித்தான். நான்தான் இரண்டையும் ஒன்றாக்கியிருந்தேன்.

மாலைக்குள் மூஞ்சூறு கூண்டிலேயே இறந்துவிட்டது. சிறிய உடல் வெப்பத்தை விரைவாக இழக்கும். அதை ஈடுகட்ட மூஞ்சூறு அடிக்கடி இரை தின்ன வேண்டும். கையுறை அணிந்து, கை லென்ஸால் அதன் வாயைப் பார்த்தேன்.

எலிக்கு மேலும் கீழும் உளி போன்ற இரண்டிரண்டு வெட்டுப்பற்கள். அவை வாழ்நாள் முழுதும் வளரும். கோரைப்பல் கிடையாது, அந்த இடம் வெற்று இடைவெளி. பிறகு கடைவாய்ப்பற்கள். மொத்தம் 16. மூஞ்சூறுக்கோ அந்த இடைவெளியே இல்லை. கூர்முனை கொண்ட 30 பற்கள். தானியம் கொறிக்கும் வாய் அல்ல, கரப்பானையும் பூச்சியையும் நொறுக்கும் வாய். எலி கொறிக்கும் விலங்கு. மூஞ்சூறின் உறவு முள்ளெலியோடு. பெயரில் எலி இருந்தாலும் முள்ளெலியும் எலி அல்ல.

வாயைத் திறக்காமலும் கண்டுபிடிக்கலாம்:

1. மூஞ்சூறின் மூக்கு நீண்டு கூர்ந்திருக்கும். கண் மிகச் சிறியது.
2. முன்னங்காலில் ஐந்து விரல்கள். எலிக்கு நான்குதான் தெளிவாகத் தெரியும்.
3. வால் அடியில் தடித்து, ஆங்காங்கே நீள முடிகளுடன் இருக்கும்.
4. உடலின் பக்கவாட்டுச் சுரப்பிகளிலிருந்து வரும் கடும் நெடி.
5. குட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கவ்விக்கொண்டு தாயின் பின்னே வரிசையாக ஓடும்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஆஸ்திரேலிய வீடுகளில் நுழையும் ஆன்டிகைனஸ் என்ற சிறு விலங்கையும் பலர் சுண்டெலி என்றே எண்ணுகிறார்கள். அது கங்காருவைப் போலப் பைப்பாலூட்டி; பூச்சி, சிலந்திகளைத் தின்பது. அங்கும் கூரிய பல்வரிசைதான் முதல் சான்று. சுண்டெலி, மூஞ்சூறு, ஆன்டிகைனஸ் மூன்றும் வெவ்வேறு வழியில் வந்தவை. சந்துகளில் நுழைந்து இரை தேடும் வாழ்க்கை அவற்றுக்கு ஒத்த உருவத்தைத் தந்திருக்கிறது. குவி பரிணாமத்துக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஆன்டிகைனஸ் இனங்களைத் தமக்குள் பிரித்தறிவது இன்னும் கடினம். முடியின் நிறம், மண்டையோடு, பற்களின் அளவு, மரபணு ஆகியவற்றை ஒப்பிட்டே 2012 முதல் 2015 வரை சில புதிய இனங்களை அறிவியலாளர்கள் அடையாளம் கண்டார்கள்.

வகுப்பில் 'எலி', 'மூஞ்சூறு' என்று இரண்டு பத்திகள் வரைந்து, வீட்டில் பார்த்த அடையாளங்களை மாணவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். எதையும் கையால் தொடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள், மூஞ்சூறு கடிக்கும்.

மறுநாள் கரும்பலகையில் என் தவற்றை நானே திருத்தி எழுதினேன். இப்போது சத்துணவுக் கூடத்தில் எலிமருந்து வைப்பதில்லை. அது மூஞ்சூறையும் கொல்லும். கூண்டை முதல் மணி அடிக்கும் முன்பே பார்த்துவிடுகிறோம். உள்ளே இருப்பது மூஞ்சூறு என்றால் பள்ளிச் சுவரோரம் திறந்துவிடுகிறோம். எது என்று சொல்வது மாணவர்களின் வேலை.