சிறைச்சாலையில் மூச்சும் தியானமும்

சிறைவாசத்தின் நோக்கம் தண்டனை மட்டுமன்று, திருத்தமும் ஆகும். அதற்குத் துணைபுரியும் எளிய சாதனங்களுள் மூச்சுப் பயிற்சியும் தியானமும் அடங்கும். பதஞ்சலி வகுத்த யோகத்தின் எட்டு உறுப்புகளில் பிராணாயாமம் நான்காவது, தியானம் ஏழாவது.

மூச்சை மெதுவாக வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பு தணிகிறது. சினம் மூளும் வேளையில் சற்றே நிதானிக்க இது உதவுகிறது.

யோகத்திற்கு நெருங்கிய விபாசனா தியானமும் மூச்சைக் கவனிப்பதிலேயே தொடங்குகிறது. இதற்கான முகாம் 1975-இல் ஜெய்ப்பூர் மத்திய சிறையில் நடத்தப்பட்டது. 1994 ஏப்ரலில் தில்லியின் திகார் சிறையில், கிரண் பேடி தலைமை அதிகாரியாக இருந்தபோது, ஏறத்தாழ 1,000 கைதிகள் பத்து நாட்கள் மௌனம் காத்துப் பயின்றனர். அங்கு நிலையான மையமும் அமைந்தது.

இப்பயிற்சி வழக்கின் தாமதத்தைக் குறைக்காது. சிறையின் நெரிசலையும் நீக்காது. அவை நீதிமன்றமும் நிர்வாகமும் தீர்க்க வேண்டியவை. எனினும், இதற்குக் கருவிகளோ பெருஞ்செலவோ தேவையில்லை. ஆகவே, அந்தமானில் புரோத்ராபூரிலுள்ள மாவட்டச் சிறை போன்றவற்றுக்கும் இது ஏற்றதே. தேர்ந்த ஆசிரியரும் அமைதியான இடமும் போதும். ஆனால் கைதியின் விருப்பம் இன்றியமையாதது. கட்டாயத் தியானம் மற்றுமொரு தண்டனையாகிவிடும்.