சைக்கிள் ரயரும் பிள்ளையின் மணிக்கட்டும்

மருத்துவப் பக்கத்தில் சைக்கிள் ரயருக்கு என்ன வேலை என்று வாசகர்கள் யோசிக்கக்கூடும். திங்கட்கிழமை காலைகளில் என்னிடம் வரும் பிள்ளைகளைப் பார்த்தால் காரணம் விளங்கும். எமது பிள்ளைகள் பலர் இப்போது சனி, ஞாயிறுகளில் மவுன்ரன் பைக் எனப்படும் மலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சரே குன்றுகளுக்கும் பிறக்னலுக்கு அருகேயுள்ள சுவின்லி காட்டுக்கும் போகிறார்கள். ஞாயிறு பின்னேரம் விழுந்த பிள்ளைக்கு, "சும்மா சுளுக்குத்தான்" என்று அம்மா எண்ணெய் பூசிக் கட்டிவிடுகிறார். மறுநாள் மணிக்கட்டு வீங்கிப்போய் வருகிறது. எப்படித் தம்பி விழுந்தாய் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "முன்சில்லு வழுக்கிப் போச்சு டொக்டர்."

கூட வந்த அப்பா, "இண்டைக்கே சைக்கிளை வித்துப்போடுறன்" என்பார். வேண்டாம். தென்னாசியர்களாகிய எமக்கு நீரிழிவு வெள்ளையரைவிட இளவயதிலும் குறைந்த உடல் எடையிலும் வருகிறது. காட்டுக்குள் இரண்டு மணித்தியாலம் சைக்கிள் மிதிக்கும் பதினான்கு வயதுப் பிள்ளை கணினிக்கு முன்னால் இருக்கும் பிள்ளையைவிட எனக்கு மகிழ்ச்சி தருகிறது. சைக்கிளை விற்பதற்கு முன் அதன் ரயரைப் பாருங்கள்.

முன்சில்லு வேறு, பின்சில்லு வேறு

பின்சில்லு வழுக்கினால் சைக்கிளின் வால் ஒரு பக்கம் இழுபடும். பிள்ளை ஒரு காலை ஊன்றும், அல்லது சற்று நேராக்கும், பெரும்பாலும் தப்பிவிடும். முன்சில்லு வழுக்கினால் அந்த அவகாசம் கிடையாது. திருப்பத்தின் உட்பக்கமாக உடம்பு அப்படியே நிலத்துக்குப் போகும். முந்திக் கை நீண்டால் மணிக்கட்டு. நீட்ட நேரமில்லாவிட்டால் தோள், அதோடு காறை எலும்பு. சிறுவர்களில் இன்னொன்றும் நடக்கும்: முன்சில்லு மடங்கும்போது கைபிடி குறுக்காகத் திரும்பி, அதன் முனை வயிற்றில் இடிக்கும்.

ஆகவே மலைச் சைக்கிளுக்கு ரயர் வாங்கும்போது முதல் விதி, நன்றாகப் பிடிக்கும் ரயர் முன்னுக்கு இருக்கவேண்டும். பின்னுக்குச் சற்று இலேசாக உருளும் ரயர் போதும். எம்மவர் பலர் பின் ரயர்தான் தேய்கிறது என்று பின்னுக்குப் புதியதைப் போட்டு, முன்னுக்குப் பழையதை விட்டுவிடுகிறார்கள். பணம் ஒரு ரயருக்குத்தான் இருக்கிறதென்றால், புதியதை முன்னுக்குப் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னுக்கு மாற்றுங்கள். நல்ல ரயர் ஒன்று இங்கே ஏறத்தாழ 40 முதல் 70 பவுண் வரை போகும். பிள்ளையின் கைத்தொலைபேசியின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய காசல்ல.

தேய்வைப் பார்க்கும்போது நடுப்பகுதியை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம். திருப்பத்தில் சைக்கிள் சாயும்போது நிலத்தைப் பிடிப்பவை ரயரின் ஓரத்தில் இருக்கும் இறப்பர்க் குமிழ்கள். அவற்றின் விளிம்பு உருண்டுவிட்டாலோ, அடியில் வெடிப்புக் கண்டாலோ, நடுப்பகுதி புதிதுபோல் இருந்தாலும் அந்த ரயர் முன்சில்லுக்கு உதவாது.

காற்று: ஊர்ப் பழக்கம் இங்கே சரிவராது

ஊரில் ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்து, கல்லுப்போல் இருந்தால்தான் எங்களுக்குத் திருப்தி. 1990களின் தொடக்கத்தில், பெற்றோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில், ஒரு சைக்கிளில் இரண்டு பேரும் ஒரு அரிசி மூட்டையும் போன நாட்களில் அது மிகச் சரியான பழக்கம். ஒடுக்கமான ரயர், தட்டையான நிலம், கூடிய பாரம். காற்றுக் குறைந்தால் றிம் அடிபடும்; புது ரயருக்கு எங்கே போவது?

காட்டுப் பாதையில் 2.3 அங்குல அகலமான ரயரை அப்படி இறுக்கினால், அது ஒவ்வொரு வேரிலும் கல்லிலும் பந்துபோல் துள்ளும். துள்ளும் கணத்தில் அது நிலத்தில் இல்லை. நிலத்தில் இல்லாத சில்லால் திரும்பவும் முடியாது, பிறேக் பிடிக்கவும் முடியாது. சற்று இளக்கமான ரயரோ கல்லின்மேல் அமுங்கி, அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு போகும். கரடுமுரடான நிலத்தில் இளக்கமான ரயர் மிதிப்பதற்கும் இலேசு. துள்ளித் துள்ளி வீணாகும் சக்தி மிஞ்சுகிறது.

ரயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் அமுக்க எண் பெரும்பாலும் ஆகக்கூடிய எல்லையைத்தான் சொல்கிறது. அப்பாமார் அதை "இவ்வளவு அடிக்கவேண்டும்" என்று வாசித்துவிடுகிறார்கள்! 75 கிலோ எடையுள்ள ஒருவர், 2.3 முதல் 2.4 அங்குல ரயரில், உள்ளே ரியூப் வைத்து ஓடுவதானால் முன்னுக்கு 25 முதல் 27 பி.எஸ்.ஐ., பின்னுக்கு 28 முதல் 30 என்று தொடங்கலாம். 40 கிலோ பிள்ளைக்கு முன்னுக்கு 18 முதல் 20, பின்னுக்கு அதைவிட இரண்டு கூட. கேட்கும்போது மிகக் குறைவாகத் தோன்றும். உடம்பின் பாரம் பின்சில்லில் கூட இருப்பதால்தான் பின்னுக்குச் சற்றுக் கூட்டுகிறோம்.

இது தொடக்கம் மட்டும். கல்லில் ஏறும்போது றிம் "டொக்" என்று இடித்தால், அல்லது திருப்பத்தில் ரயர் பக்கவாட்டில் நெளிவது போல் இருந்தால், இரண்டு பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். காற்று மிகக் குறைந்தால் கல்லுக்கும் றிம்முக்கும் இடையில் ரியூப் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டைகள் விழும். இங்குள்ள சைக்கிள்காரர் இதைப் பாம்புக்கடி என்பார்கள். ரியூப்பை எடுத்துப் பார்த்தால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

வீட்டில் இருக்கும் நிலப் பம்ப்பின் மானியை இந்த அளவுகளுக்கு நம்பவேண்டாம். பல பம்ப்கள் 160 பி.எஸ்.ஐ. வரை காட்டும்படி செய்யப்பட்டவை. அந்தச் சிறிய வட்டத்தில் 20க்கும் 26க்கும் உள்ள வித்தியாசம் முள்ளின் தடிப்பளவுதான். குறைந்த அமுக்கத்துக்கென்று தனியாக விற்கும் ஒரு சிறிய மானியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் ஓடியபின் கை விறைக்கிறது, சின்னவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன என்று சில நடுத்தர வயதினரும் என்னிடம் வருகிறார்கள். உள்ளங்கையின் அடிப்பக்கத்தில் ஓடும் நரம்பு, கைபிடியின் அழுத்தத்தாலும் அதிர்வாலும் நசிவதால் இது வருகிறது. நீரிழிவு உள்ளவர்களின் நரம்பு இன்னும் இலகுவில் பாதிக்கப்படும். இவர்களிடமும் நான் முதலில் கேட்பது, ரயருக்கு எவ்வளவு காற்று அடித்திருக்கிறீர்கள் என்பதுதான். விறைப்பு இரண்டு மூன்று நாளில் மாறாவிட்டால் கட்டாயம் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

எந்தப் பாதைக்கு எந்த ரயர்

கடைக்குப் போகுமுன், பிள்ளை உண்மையில் எங்கே ஓடுகிறது என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்துக்கும், அல்பேர்ட்டன் வழியாகப் போகும் கால்வாய்க் கரைக்கும்தான் என்றால், பெரிய குமிழ் வைத்த ரயர் தேவையில்லை. ஈரமான தார் றோட்டில் உயரமான குமிழ்கள் வளைந்து நெளிந்து, பிடியைக் குறைக்கவே செய்யும். நடுவில் தொடர்ச்சியாகவும் தாழ்வாகவும் இறப்பர் அமைந்த ரயர் போதும். பார்வைக்கு வீரமாக இல்லை என்று மகன் முகம் சுளிப்பான், பரவாயில்லை.

காட்டுப் பாதைகளுக்கு இந்நாட்டில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுத்திருக்கிறார்கள். பச்சை மிக இலகு, கறுப்பு மிகக் கடினம். சுவின்லியில் பச்சை, நீலம், சிவப்பு ஆகிய மூன்றும் உண்டு. பச்சை, நீலப் பாதைகள் பெரும்பாலும் இறுகிய தரை. தாழ்ந்த, நெருக்கமான குமிழ்களுடன் 2.1 முதல் 2.25 அங்குல ரயர் அங்கே நன்றாக உருளும். ஷ்வால்பே நிறுவனத்தின் ரேசிங் ரால்ஃப் போன்றவை இந்த வகை. வேகமாகவும் தூரமாகவும் ஓட விரும்புவோருக்கு இவை பிடிக்கும்.

சிவப்புக்குப் போனால் கதை மாறுகிறது. வேர், கல், செங்குத்தான இறக்கம். இங்கே முன்னுக்கு 2.35 முதல் 2.5 அங்குலம் வரை அகலம், ஓரங்களில் தடித்த குமிழ் வேண்டும். மக்சிஸ் மினியன், ஷ்வால்பே மஜிக் மேரி என்ற பெயர்களைப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவை இந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட முன் ரயர்கள். பின்னுக்கு அதைவிடத் தாழ்ந்த குமிழ் உள்ளது போதும். வேல்ஸில் மேர்தர் ரிட்வில் நகருக்கு அருகே 2013இல் திறக்கப்பட்ட சைக்கிள் பூங்காவுக்கு நண்பர்களோடு போகிறார்கள் என்றால், அது கற்பாறைப் பாதை. அங்கே பக்கச்சுவர் தடித்த ரயரைத் தேடவேண்டும். பாரம் கூடத்தான், ஆனால் கூரிய கல் கிழிக்காது.

நிலத்தின் தன்மையும் முக்கியம். லீத் குன்றைச் சுற்றியுள்ள பகுதி மணற்பாங்கு. சரே மாவட்டத்தின் ஆக உயரமான இடம் அது, 294 மீற்றர். மழைக்குப் பின் அங்கே நீர் ஓரளவு வடிந்துவிடும். அதற்கு வடக்கே நோர்த் டவுன்ஸ் குன்றுகள் சுண்ணக்கல். ஈரமான சுண்ணக்கல் சவர்க்காரம் போன்றது, எந்த ரயரும் அதில் தடுமாறும். அதற்குள் பொதிந்திருக்கும் தீக்கல் கத்திபோல் ரயரை வெட்டும். களிமண் என்றால் குமிழ்கள் உயரமாகவும் ஒன்றுக்கொன்று எட்டவும் இருக்கவேண்டும். நெருக்கமாக இருந்தால் சேறு இடையில் அடைத்து, பத்து யார் போவதற்குள் மொட்டை ரயர் ஆகிவிடும்.

ஈரமான வேரில் குமிழின் உயரத்தால் பெரிய பயனில்லை. அங்கே உதவுவது இறப்பரின் மென்மை. அதை ஒரு எண்ணால் குறிப்பார்கள்: 60ஐ அண்டி இருந்தால் கடினம், நெடுநாள் உழைக்கும், 42 அளவில் இருந்தால் மிக மென்மை, நன்றாகப் பிடிக்கும், விரைவில் தேயும். மலிவான சைக்கிள்களோடு வரும் ரயர்கள் பெரும்பாலும் கடினமானவை. பெரிய பெரிய குமிழ்கள் இருக்கும், பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஒக்டோபர் மாத ஈர வேரில் ஒன்றும் செய்யாது.

அளவை மறக்கவேண்டாம். 29 அங்குலச் சில்லுக்கு ரயரில் 622 என்றும், 27.5க்கு 584 என்றும், 26க்கு 559 என்றும் மில்லிமீற்றரில் பொறித்திருக்கும். பழைய ரயரில் இருக்கும் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சைக்கிள் கவட்டில் அகலமான ரயர் சேற்றோடு சுழல இடமிருக்கிறதா என்றும் கேளுங்கள். பூட்டும்போது பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி சில்லு உருளும் திசையைக் காட்டவேண்டும்.

ரியூப் இல்லாத ரயர்கள் இப்போது பரவலாகிவிட்டன. ரயருக்குள் ஒரு பால்போன்ற திரவம் ஊற்றுவார்கள். முள் குத்தினால் அது ஓட்டையில் உறைந்து அடைக்கும். பாம்புக்கடி இல்லாததால் இன்னும் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. குறைக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும், மீண்டும் ஊற்றவேண்டும். அவற்றுள் பல இயற்கை இறப்பர்ப் பாலில் செய்தவை என்பதால், வீட்டில் யாருக்காவது இறப்பர் ஒவ்வாமை இருந்தால் அது கலக்காத திரவத்தைக் கேட்டு வாங்கவேண்டும். கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் விழுந்தால்

ஹெல்மெற் பற்றி நான் சொல்லத் தேவையில்லை என நினைக்கிறேன். தலை அடிபட்டபின் வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டு போகும் தலையிடி, பேச்சில் குழப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகவேண்டும். நினைவு தப்பினால் 999. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கும் பெரியவர்கள், சுகமாக இருப்பதுபோல் தோன்றினாலும் போய்க் காட்டவேண்டும்.

கைபிடி வயிற்றில் இடித்திருந்தால், வெளியே ஒரு சிறு வட்டத் தழும்பு மட்டும்தான் தெரியும். உள்ளே ஈரலோ மண்ணீரலோ கணையமோ காயப்பட்டிருக்கலாம். அறிகுறிகள் சில மணித்தியாலம் கழித்தும் வரும். வயிற்றுநோ, வாந்தி, முகம் வெளிறுதல், தோள்முனையில் நோவு ஆகியவற்றுக்கு இரவென்றும் பாராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். கைபிடி முனையின் மூடி கழன்று குழாய் தெரிந்தால், புதியதைப் போடும்வரை பிள்ளையை ஓட விடவேண்டாம்.

மணிக்கட்டுக்கு ஒரு சோதனை உண்டு. பெருவிரலை மேல்நோக்கி நிமிர்த்தினால் அதன் அடியில், புறங்கைப் பக்கமாக, ஒரு சிறு குழி விழும். அந்தக் குழியில் அமத்தும்போது நோவு இருந்தால், ஸ்கஃபொயிட் என்ற சிறிய எலும்பு வெடித்திருக்கக்கூடும். இளைஞர்களில் இது அதிகம். இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் ஒரு முனையிலிருந்துதான் வருகிறது. கவனிக்காமல் விட்டால் மறுபாதி இறந்து, மணிக்கட்டு நிரந்தரமாகப் பலமிழக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் வெடிப்புத் தெரியாமலும் போகும். எண்ணெய் பூசி உருவாமல் அன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள். "எக்ஸ்ரே நல்லாயிருக்கு" என்று அனுப்பினாலும், குழியில் நோவு மாறவில்லையென்றால் பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் மீண்டும் போய், அந்த நோவைச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை கட்டைக் கழற்றவேண்டாம், சைக்கிளும் வேண்டாம்.