நகை அடகுக்குப் போகும் முன் ஒரு எக்ஸ்ரே

தாளடி அறுவடை முடிந்து களம் காலியானதும் டெல்டா கிராமங்களில் வெளிநாட்டுப் பேச்சு தொடங்கிவிடும். வானம் பார்த்த பூமியான ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் அது ஆண்டு முழுக்க ஓயாத பேச்சு. ஆழ்துளைக் கிணற்றுக் கடன், தங்கை கல்யாணம், இரண்டு போகம் தவறிய நிலம். ஒரு பிள்ளையாவது வெளியே போய்ச் சம்பாதித்தால்தான் இருக்கிற காணி மிஞ்சும் என்பது பெரியவர்களின் கணக்கு.

கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரிசையில்தான் குறை. முதலில் நகை அடகுக்குப் போகிறது, அடுத்து நிலப் பத்திரம், பிறகு முகவர் கைக்குப் பணம். எல்லாம் முடிந்த பிறகுதான் பையன் மருத்துவப் பரிசோதனைக்குப் போகிறான். அங்கே ‘தகுதியில்லை’ என்று எழுதிவிட்டால் கொடுத்த பணம் திரும்பி வருவது அபூர்வம். வட்டி மட்டும் தவறாமல் ஏறும்.

சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறு வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ‘வாஃபித்’ என்ற இணையதளத்தில் பதிந்து, அது காட்டும் மருத்துவ மையத்தில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முன்பு இதைக் ‘காம்கா மெடிக்கல்’ என்பார்கள்; இன்றும் ஊரில் அந்தப் பெயர்தான் வழங்குகிறது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வகைகளான ஹெபடைடிஸ் பி, சி, காசநோய் ஆகியவற்றை அங்கே முக்கியமாகப் பார்ப்பார்கள். இதில் பலரைக் கவிழ்ப்பது காசநோய்த் தழும்பு. ஐந்தாறு வருடம் முன்பு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முழுக்கக் குணமானவரின் நெஞ்சு எக்ஸ்ரேயிலும் அந்தத் தழும்பு தெரியலாம். இப்போது நோய் இல்லை, யாருக்கும் பரவாது என்று மருத்துவர் சொன்னாலும் வளைகுடா விதிப்படி அவர் தகுதியில்லாதவராகிவிடுவார்.

ஆகவே முகவரிடம் ஒரு ரூபாய் நீட்டும் முன்பு, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் நெஞ்சு எக்ஸ்ரேயும் ஹெபடைடிஸ் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. ஒரு நாள் வேலை கெடும், அவ்வளவுதான். மண் பரிசோதனை செய்யாமல் உரம் வாங்காதவர்கள் இதிலும் அதே புத்தியைக் காட்டலாம். காசநோய் இருப்பது தெரிந்தால் அரசே இலவசமாகச் சிகிச்சை தருகிறது; வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் அது பாதுகாப்பு. ‘வேறொருவர் ரத்தம் கொடுத்து சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். போய் இறங்கிய பிறகு, தங்கும் அனுமதிக்காக அங்கேயும் ஒரு பரிசோதனை உண்டு. அதில் தேறாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பெயரில் வரும் வம்பு

தமிழ்நாட்டில் இனிஷியல் போதும். பாஸ்போர்ட்டில் போதாது. அங்கே இனிஷியலை விரித்து எழுத வேண்டும். பலர் தன் பெயரை மட்டும் எழுதி, குடும்பப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அப்படி ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு வருகை விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. பிரசவம் பார்க்கவும் பேரப் பிள்ளையைப் பார்க்கவும் கிளம்பிய பெற்றோர்களுக்குத்தான் இது பெரிய இடியாக இருந்தது. முதல்முறை பாஸ்போர்ட் எடுப்பவர்கள் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ முழுதாக எழுதிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பிறந்த தேதியும் அப்படியே.

பத்தாம் வகுப்பு தேறியவர்கள் விண்ணப்பத்தோடு அந்தச் சான்றிதழை மறக்காமல் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ‘குடியேற்றச் சோதனை தேவை’ என்ற வகையில் பாஸ்போர்ட் வந்துவிடும். இதைத்தான் இ.சி.ஆர். பாஸ்போர்ட் என்கிறோம். ஆனால் பத்தாவது தேறாதவர்களுக்கு இந்த வகை ஒரு தொல்லையல்ல, வேலி. வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போகவேண்டுமென்றால், ஒப்பந்தத்தைப் பார்த்து அரசு அனுமதி தர வேண்டும். வேலை என்ன, சம்பளம் என்ன என்பது பதிவாகிவிடும். இந்த வேலியைத் தாண்டத்தான் முகவர்கள் ‘முதலில் விசிட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்கிறார்கள். போகிறவர் அரசின் எந்தக் கணக்கிலும் இருக்க மாட்டார். சம்பளம் தராவிட்டால் கேட்கவும் காகிதம் இருக்காது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மரில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கி, 2022 முதல் மீட்டுவரப்பட்ட கதையும் இந்த வழியில் நடந்ததுதான்.

முகவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைகிரேட்’ தளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை கைபேசியிலேயே ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீது தர வேண்டும். பதிவு பெற்ற கம்பெனியின் ஆள் என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் வரும் துணை முகவருக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்பதெல்லாம் ரசீதுக்கு ஈடாகாது. தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று சென்னையில் இருக்கிறது. 1978-இல் தொடங்கியது. அங்கே ஒருமுறை விசாரிக்காமல் தனியாரிடம் போவது, கூட்டுறவுச் சங்கத்தில் கேட்காமல் கந்துவட்டிக்குப் போவது மாதிரி.

இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தரமாக ஊனமடைந்தாலோ 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இந்தக் காகிதம் போகிறவர் பையில் இருந்து பயனில்லை. வீட்டில் இருக்க வேண்டும். நாமினி பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று மனைவியோ அம்மாவோ படித்துப் பார்க்க வேண்டும். கூடவே பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் நகலும் வீட்டில் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது என்பதைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். டிரைவர் வேலை என்று போய் பாலைவனத்தில் ஆடும் ஒட்டகமும் மேய்க்க நேர்ந்தவர்கள் நம் பக்கத்திலும் உண்டு.

பையில் என்ன இருக்கிறது?

கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டுப் பெண்கள் பாசத்தோடு அரைத்துக் கட்டும் மசாலாப் பொடிதான் சில நேரம் ஆபத்து. குருமாவுக்கும் கறிக் குழம்புக்கும் சேர்க்கும் கசகசா, அபினிச் செடியின் விதை. இந்தியாவில் அந்தச் செடியை மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமம் பெற்றவர்கள் மட்டும் பயிரிடுகிறார்கள். விதை மளிகைக் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. வளைகுடா நாடுகளில் அந்த விதையையே போதைப்பொருளாகப் பார்க்கிறார்கள். சிங்கப்பூரிலும் தடை. நூறு கிராம் கசகசா என்பது சமையலறையில் சின்ன விஷயம். விமான நிலையத்தில் அது சிறைக்குப் போகும் விஷயம். அரைத்த பொடியில் கலந்திருந்தாலும் விதி ஒன்றுதான். ‘என் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்’ என்று பக்கத்து வீட்டார் தரும் பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பை யாருடையதோ, வழக்கும் அவர் மீதுதான்.

மாத்திரையிலும் இதே கவனம் வேண்டும். வலிக்குக் கொடுக்கும் டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்கத்துக்கான அல்பிரசோலம், சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்குத் தரும் ப்ரீகாபலின் ஆகியவை அமீரகத்தில் கட்டுப்பாட்டில் உள்ளவை. தேவைப்படுவோர் அந்நாட்டுச் சுகாதாரத் துறையிடம் இணையத்தில் முன் அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். மற்ற மருந்துகளுக்கும் மருத்துவரின் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் மூலப் பெயரோடு இருக்கட்டும். நம் ஊர் மருந்துக் கடையில் அட்டையைக் கத்தரித்துப் பத்து மாத்திரை தரும்போது பெயர் பாதியோடு போய்விடும். பயணத்துக்கு முழு அட்டையாக வாங்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளையும் இன்சுலினையும் கைப்பையில் வைப்பதுதான் முறை. விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் குளிர் அதிகமாகி இன்சுலின் உறைந்தால் வீணாகிவிடும்.

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்குப் போவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வைத்திருக்க வேண்டும். கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். போட்டு பத்து நாள் கழித்தே சான்று செல்லும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இரண்டுமே இலவசம். இதற்கும் ஆயிரம், இரண்டாயிரம் பறிக்கும் கடைகள் இருக்கின்றன.

அங்கே போன பின்

சித்திரை வெயிலில் நாற்று நட்டவனுக்கு வளைகுடா வெயில் எம்மாத்திரம் என்று நினைப்பது தவறு. இங்கே உச்சியில் வேப்பமரத்தடி உண்டு. அங்கே கோடைக்கென்று சட்டமே இருக்கிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 முதல் மாலை 4 வரை. இதைத் தெரிந்துகொண்டு போகிறவர் கேட்க முடியும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் உடலில் நீர் வற்றுகிறது என்று பொருள். நாள்கணக்கில் அதைப் பொருட்படுத்தாமல் வேலை செய்தால் சிறுநீரகம் கெடும். வீட்டிலிருந்து போனில் பேசும்போது ‘சாப்பிட்டாயா’ என்பதோடு ‘தண்ணீர் குடித்தாயா’ என்றும் கேளுங்கள்.

ஒட்டகம் மேய்ப்பவர்கள் அதன் பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. சவுதியில் 2012-இல் கண்டறியப்பட்ட மெர்ஸ் காய்ச்சல் ஒட்டகத்திலிருந்து மனிதருக்கு வருவது. ஆட்டிடமிருந்து வரும் புரூசெல்லா காய்ச்சலும் அங்கே உண்டு. குட்டி ஈன்ற இடத்தைச் சுத்தம் செய்யும்போது கையுறை வேண்டும். நம் ஊர்க் கொட்டகையிலும் அப்படித்தான், ஆனால் யாரும் செய்வதில்லை.

திரும்பி வரும்போது பேரீச்சங்கன்றோ விதையோ கொண்டுவரும் ஆசை உழவர் வீட்டுப் பிள்ளைக்கு வரும். இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்தில் பிடித்து அழித்துவிடுவார்கள். நம் தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டு, 1980-களில் வளைகுடாவின் பேரீச்சந்தோப்புகளில் நுழைந்ததும் கன்றுகள் வழியாகத்தான்.