பைக் குலுக்கலில் லென்ஸ் காலி! போட்டோகிராபர்களே... கேஸ் வாங்கும் முன் இதைப் பாருங்க

சென்னை:
ஐப்பசி, கார்த்திகை, தை என்று முகூர்த்த நாட்கள் வந்துவிட்டால் கல்யாண போட்டோகிராபர்களுக்கு தூக்கம் கிடையாது. விடிகாலை 4 மணிக்கே முதுகில் பையை மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பி விடுகிறார்கள். காலையில் தாம்பரத்தில் முகூர்த்தம், மாலையில் ராயபுரத்தில் ரிசப்ஷன். நடுவில் எத்தனை பள்ளம், எத்தனை ஸ்பீடு பிரேக்கர்!

பைக்குள் இருப்பது சாதாரண சாமான் இல்லை. தூரத்தில் நின்றே தாலி கட்டுவதை எடுக்க உதவும் 70-200 எப் 2.8 லென்ஸ் புதிதாக வாங்கினால் லட்ச ரூபாயைத் தாண்டும். பலரும் தவணையில் வாங்கி, கல்யாணம் கல்யாணமாக எடுத்துத்தான் கடனை அடைக்கிறார்கள். லென்ஸ் போச்சுன்னா அடுத்த ஆர்டரும் போச்சு. அதைக் காப்பாற்றப் போவது சில நூறு ரூபாய் கேஸ்தான். அதையும் பார்த்து வாங்கணும்.

எந்த லென்சுக்கு எந்த கேஸ்?

கடையில் முக்கியமாக இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, நியோப்ரீன் பவுச். கடலில் முக்குளிப்பவர்கள் போடும் உடையும் இதே ரப்பர் துணியில்தான் தைக்கிறார்கள். இழுத்தால் நீளும், எடை கிடையாது. பைக்குள் லென்சும் லென்சும் உரசாமல் காக்கும். ஆனால் கீழே விழுந்தால் அவ்வளவாகத் தாங்காது. 50 எம்.எம். மாதிரி சின்ன லென்சுக்கும், உள்ளே ஸ்பாஞ்ச் தடுப்பு வைத்த கேமரா பைக்கும் இது போதும்.

இன்னொன்று, உள்ளே தடிமனான ஸ்பாஞ்ச் வைத்த உருளை கேஸ். இடத்தை அடைக்கும். ஆனால் சாதாரண முதுகுப் பையில் லென்ஸ் கொண்டு போகிறவர்களுக்கும், கனமான ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் சரி.

‘77’ஐ நம்பாதீங்க!

லென்ஸ் முன்னால் 77 என்று எழுதியிருக்கும். அதைச் சொல்லி கேஸ் கேட்டால் ஏமாந்து விடுவோம். அது பில்டர் மாட்டும் அளவு. லென்சின் வெளிச்சுற்று அதைவிடப் பெரிது. டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்கான 70-200 எப் 2.8 லென்ஸ் சுமார் 20 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம், ஒன்றரை கிலோ எடை வரை வரும். ஹூட்டை திருப்பி மாட்டினால் அகலம் இன்னும் கூடும்.

அதனால் லென்சை கையோடு கொண்டு போங்க. முன்மூடி, பின்மூடி, ஹூட் எல்லாம் மாட்டி உள்ளே வைத்துப் பாருங்க. மூடி லேசாக ஆட்டும்போது லொடலொட என்று சத்தம் வந்தால் வேண்டாம். திணித்துத்தான் மூட முடியும் என்றாலும் வேண்டாம்.

அடுத்து, கேஸின் அடிப்பக்கத்தை கட்டை விரலால் அழுத்துங்க. பக்கவாட்டில் ஸ்பாஞ்ச் வைத்துவிட்டு அடியில் வெறும் துணியோடு விட்ட கேஸ்களும் உண்டு. பையை தொப்பென்று கீழே வைக்கும்போது அடி வாங்குவது அந்த இடம்தான். ஜிப் பல் லென்சில் படாதபடி உள்ளே துணி மடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்க. வெல்க்ரோ கேஸ் என்றால் இன்னொரு தொல்லை... ஐயர் மந்திரம் சொல்லும்போது ‘பர்ர்ர்’ என்று பிரித்தால் மண்டபமே திரும்பிப் பார்க்கும்!

டேங்க் மேல வேண்டாம்

பையை பெட்ரோல் டேங்க் மீதோ, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்திலோ வைத்தால் அதிர்வு நேராக லென்சுக்குப் போகும். உள்ளே உள்ள பொடி ஸ்குரூக்கள் நாளடைவில் தளரும். முதுகில் மாட்டினால் பாதி குலுக்கலை உடம்பே வாங்கிக்கொள்ளும்.

கனமான லென்ஸ் முதுகை ஒட்டி இருக்கட்டும். பெரிய லென்சை கேமராவில் மாட்டியபடியே பையில் திணிக்காதீர்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் பாரம் முழுக்க மாட்டும் வளையத்தில் இறங்கும்.

ஈரம்தான் பெரிய எதிரி

மழையில் நனைந்த லென்சை அப்படியே கேசில் போட்டு மூடினால் பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. பூஞ்சை கண்ணாடி மேல் உள்ள பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் பழைய தெளிவு வராது. வீட்டுக்கு வந்ததும் லென்ஸ், கேஸ் இரண்டையும் துடைத்துக் காயவிட்ட பிறகே மூடுங்க.

கேசுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்க. நீல மணி ரோஸ் ஆனாலோ, ஆரஞ்சு மணி பச்சை ஆனாலோ அது ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். உடனே மாற்றணும். தோல் கேஸ் பார்க்க அழகு. ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

ஆடி, மார்கழியில் கல்யாணம் இல்லை என்று லென்சை கேசோடு பீரோவில் பூட்டுபவர்கள் கவனிக்கணும். கேஸ் பயணத்துக்கு மட்டும்தான். வேலை இல்லாத மாதங்களில் லென்சை வெளியே எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்க. உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது. அதைக் காட்டும் சின்ன மீட்டரும் கடையில் கிடைக்கிறது.

கேஸ் வாங்க இப்போது காசு இல்லையா? மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவை நன்றாகக் கழுவிக் காயவைத்து, சோபா கடையில் ஸ்பாஞ்ச் துண்டு வாங்கி அடியிலும் சுற்றிலும் மேலேயும் வையுங்க. நூல் உதிராத துணியில் லென்சை சுற்றி உள்ளே வைத்தால் அடுத்த முகூர்த்தம் வரை தாங்கும். அட்வான்ஸ் வந்ததும் முதல் செலவாக கேசை வாங்கிடுங்க!