மணலில் எழுதிய பதில்

1896இல் மதுரையை விட்டுக் கிளம்பிய பையன் (பின்னாளில் ரமணர்) வீட்டில் வைத்துப் போன கடிதம், ‘நான்’ என்று தொடங்கிக் கையெழுத்தே இல்லாமல் முடிந்தது. போன வாரம் அதுவரை வந்தோம்.

இந்த வாரம் அவருடைய செய்யுள் நூலான ‘உள்ளது நாற்பது’ என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் ‘நான் யார்?’ என்ற சின்னப் புத்தகம் என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஆசிரியர் மன்னிக்கட்டும்.

அந்தப் புத்தகத்தின் கேள்விகளைக் கேட்ட சிவப்பிரகாசம் பிள்ளை தத்துவம் படித்த பட்டதாரி. தென்னாற்காடு ஜில்லாவில் ரெவின்யூ உத்தியோகம். 1902 வாக்கில் ஆபீஸ் காரியமாகத் திருவண்ணாமலை வந்தவர், மலையேறி விருபாட்ச குகைக்குப் போனார். அங்கிருந்த ரமணருக்கு இருபத்திரண்டு வயதுதான். மௌன விரதம் ஒன்றும் இல்லை; பேச நாட்டமில்லை, அவ்வளவே. பிள்ளை கேட்டார். சைகையிலும், மணலில் விரலால் எழுதியும் பதில் வந்தது. மணலில் எழுதுகிறவர் ‘இருப்பினும்’, ‘ஒரு வகையில் பார்த்தால்’ என்றெல்லாம் இழுக்க முடியுமா? அடுத்த வரிக்கு இடம் வேண்டுமானால் முந்தைய வரியை அழித்தாக வேண்டும்.

குகைக்கு வந்துபோன இன்னொருவர் முனிசிபல் ஓவர்சியர் கம்பீரம் சேஷய்யர். விவேகானந்தரின் ராஜயோகம் போன்ற நூல்களைக் கொண்டுவந்து சந்தேகம் கேட்பார். அவருக்குத் துண்டுத் தாள்களில் எழுதிக் கொடுத்த விளக்கங்கள்தான் பிற்பாடு ‘விசார சங்கிரகம்’ ஆயின. ஓவர்சியரும் ரெவின்யூக்காரரும் கேள்வி கேட்டு உருவான வேதாந்த நூல்கள்! சரி, பிள்ளைக்குத் திரும்புவோம்.

அவருடைய முதல் கேள்வி, நான் யார் என்பது. வந்த பதில் இரண்டே சொல்: அறிவுதான் நான் என்று பொருள். ஆனால் 1923இல் அச்சான புத்தகத்தில் அந்தப் பதிலுக்கு முன்னால் ஒரு நீண்ட பட்டியல் நிற்கிறது. ஏழு தாதுக்களாலான உடம்பு நான் அல்ல, ஐம்புலன்கள் நான் அல்ல, பிராணன் அல்ல, மனம் அல்ல என்று அடுக்கிக்கொண்டே போகும். கையெழுத்துப் பிரதியைப் பார்த்த ரமணர், இதை நான் சொல்லவில்லையே என்றார். தமக்குப் புரிவதற்காகப் பிள்ளை தாமே சேர்த்துக்கொண்டது அது. எனக்கு இந்த வாரம் தூக்கம் கெட்டது இதனால்தான். பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பட்டியலில் பேசுவது அவர் படித்த பாடம். குகையில் கேட்ட பதில் அதற்கடியில் புதைந்துவிட்டது. இன்று பத்திரிகைக்கு வரும் கட்டுரைகளில் பாதி இந்த ரகம்தான்.

சில வருஷம் கழித்து ரமணரே அந்நூலைக் கேள்விகள் இல்லாத கட்டுரையாகத் திருத்தி எழுதினார். துயரமில்லாத சுகத்தையே எல்லா உயிரும் விரும்புகிறது என்ற பொருளில், முன்னால் ஒரு பத்தி புதிதாகச் சேர்த்தார். அதனால் கேள்வி ஏன் எழுகிறது என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது. பிள்ளையின் பட்டியலை அடித்துவிடவில்லை. தாம் சொன்ன மூலச் சொற்களை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிடச் சொன்னார். இவ்வளவு நாகரிகமான எடிட்டிங்கை நான் பார்த்ததில்லை.

‘உள்ளது நாற்பது’ அடுத்த வாரம், கட்டாயம். அங்கே அவர் கத்தரியை எடுத்துவிட்டார்: 1928இல் சீடர் முருகனார் திரட்டிக்கொண்டு வந்தவை ரமணரின் 21 பாட்டுகள், நூலில் தங்கியவை அவற்றில் 3.