கோபத்துக்கு எத்தனை அங்குலம்?

ஒரு பிள்ளைக்குக் கோபம் வந்ததைப் படமாகப் போடச் சொன்னால் பெரும்பாலான ஓவியர்கள் முகத்தில்தான் கைவைப்பார்கள். நெரித்த புருவம், சிவந்த மூக்கு, காதிலிருந்து புகை. அமெரிக்க ஓவியர் மோரிஸ் செண்டாக் 1963-இல் வெளியிட்ட ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ படக்கதையில் அந்த வேலையைச் செய்வது படத்தின் அளவு.

ஓநாய் உடுப்பு மாட்டிக்கொண்டு அட்டகாசம் செய்யும் மேக்ஸைச் சாப்பாடு போடாமல் அறைக்கு அனுப்புகிறாள் அம்மா. சுவரில் அவன் ஆணி அடிக்கும் முதல் படம் சின்னது. சுற்றிலும் அகலமாக வெள்ளை. பக்கம் புரளப் புரள அந்த வெள்ளை குறைகிறது. அறைக்குள் மரம் முளைத்துக் காடாகும்போது படம் ஒரு பக்கத்தை நிரப்பி, பிறகு எதிர்ப்பக்கத்துக்கும் தாவுகிறது. பிறகு மேக்ஸ் சந்திக்கும் பூதங்களோடு கும்மாளம் உச்சம் தொடும் இடத்தில் அடுத்தடுத்து மூன்று இரட்டைப் பக்கங்களில் எழுத்தே கிடையாது. கோபம் தலைக்கேறியவனுக்கு வார்த்தை எங்கே வரும்?

இந்தப் புத்தகம் ஒரே மூச்சில் வந்ததல்ல. 1955-இலேயே செண்டாக் இதற்கொரு மாதிரிப் புத்தகம் செய்து பார்த்தார். அப்போது கதையில் இருந்தவை காட்டுக்குதிரைகள். குதிரை அவர் கைக்கு வரவில்லை. பதிப்பாசிரியர் உர்சுலா நோர்ட்ஸ்ட்ரமுடன் பேசி, குதிரையைக் கைவிட்டுப் பூதங்களுக்கு மாறினார். அவற்றுக்கு மாதிரி, புரூக்ளினில் அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள்: கோணல் பல், மூக்கில் முடி, கன்னத்தைக் கிள்ளி ‘அப்படியே தின்னுடலாம்’ என்கிற கொஞ்சல். நம் வீடுகளிலும் அந்த அத்தைமார் உண்டு!

பேனாவால் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கி இழுத்த கோடுகள், அவற்றின்மேல் மங்கலான வண்ணம். அதனால் விளையாட்டிலும் லேசான இருட்டு தங்கிவிடுகிறது. இரண்டாம் படத்தில் மாடிப்படியருகே சுவரைக் கவனியுங்கள்: மேக்ஸ் கையெழுத்திட்ட ஒரு பூதப் படம் ஏற்கெனவே அங்கே ஒட்டியிருக்கும். பூதங்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை.

கும்மாளம் ஓய்ந்ததும் படங்கள் சுருங்குகின்றன. ஆனால் மேக்ஸ் வீடு திரும்பும் கடைசிப் படம் தொடக்க அளவுக்கு இறங்காமல் ஒரு முழுப் பக்கத்தில் நிற்கிறது. தண்டனை முடிந்து பையன் சிறுத்துப்போகவில்லை என்று நான் வாசிக்கிறேன். 1964-இல் இந்நூலுக்குக் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்ற பெரியவர்களின் புகார் அதற்குப் பிறகும் ஓயவில்லை.