மலையேறுமா இந்த நோவா?

கண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் நாம் கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம், கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "பழைய நோவா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?" கேட்பவர் அநேகமாக ஊழியர் சேமலாப நிதி கைக்கு வந்த ஒரு தகப்பனாராக இருப்பார். அல்லது வெளிநாட்டில் நாலைந்து வருடம் உழைத்துவிட்டு வந்த மகனாகவோ மகளாகவோ இருப்பார். கையில் இருப்பது ஒரே ஒரு தொகை. அது போனால் மறுபடி வராது.

வேன் ஆசையை ஆடம்பரம் என்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம். தோட்டத்து லயத்திலிருந்து நடுச்சாமத்தில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் தேடி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதோடு காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றலாம், சனி ஞாயிறில் கலியாண ஹயர் ஓடலாம், மாசியில் மாத்தளைத் தேருக்கும் ஆவணியில் மடுவுக்கும் சனங்களைக் கூட்டிப்போகலாம் என்று ஒரு கணக்கும் இருக்கும். நியாயமான கணக்குத்தான். ஆனால் வேன் ஓடினால்தான் அந்தக் கணக்கு சரிவரும்.

முதலில் இந்த வாகனம் என்னவென்று பார்ப்போம். யப்பானில் டொயோட்டா நிறுவனம் 1996ஆம் ஆண்டு ஒக்டோபரில் 'டவுன்ஏஸ் நோவா', 'லைட்ஏஸ் நோவா' என்ற இரண்டு பெயர்களில் இதை வெளியிட்டது. முகப்பில் சிறு வேறுபாடுகள் தவிர இரண்டும் ஒன்றே. 2001 இறுதியில் இந்த வகை நிறுத்தப்பட்டு, முன்சில்லுகளால் இழுபடும் புதிய நோவா வந்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் அது வேறு வாகனம். எனவே நாம் பேசும் நோவாக்களில் ஆக இளையதற்கும் இன்று 20 வயது தாண்டிவிட்டது. இதே உடலமைப்பில் பொருள் ஏற்றுவதற்கென்று செய்த டவுன்ஏஸ் வேன்கள் 2007 வரை தயாரிக்கப்பட்டன. எமது பக்கத்தில் அவற்றையும் நோவா என்றே சொல்லி விற்கிறார்கள். இந்தக் குழப்பத்துக்குப் பின்னர் வருவோம்.

குடும்பங்கள் இதை விரும்புவதில் வியப்பில்லை. மூன்று வரிசையில் எட்டுப் பேர் உட்காரலாம். இழுகதவு இடப்பக்கம் இருப்பதால் எமது வீதிகளில் பிள்ளைகள் ஓரத்திலேயே இறங்கலாம். பழைய டவுன்ஏஸ்களைப் போலச் சாரதியின் முழங்கால் நேரே முகப்புத் தகட்டில் முட்டுவதில்லை. முன்னால் சிறிய மூக்கு ஒன்று உண்டு. ஆனால் எஞ்சின் அந்த மூக்குக்குள் இல்லை. அது முன் ஆசனங்களுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆசனத்தைத் தூக்கினால்தான் தெரியும். வாங்கப் போகிறவர்கள் மூக்கைத் திறந்து பார்த்து, தண்ணீர்ப் போத்தலையும் பிரேக் எண்ணெயையும் கண்டுவிட்டுத் திருப்தியாகத் திரும்பிவிடுகிறார்கள். ஆசனத்தைத் தூக்கச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். பணம் கொடுப்பவர் வெட்கப்படத் தேவையில்லை.

சூடுதான் எதிரி

கொழும்பிலோ புத்தளத்திலோ நோவா வாங்குபவருக்கும் எமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர். இடைத்தூரம் 80 கிலோமீற்றருக்குள்தான். இந்த ஏற்றத்தை எட்டுப் பேரோடும் மூட்டைகளோடும் ஏறும் எஞ்சின் கக்கும் சூடு, சமதரையில் ஓடும் எஞ்சினுக்குத் தெரியாத சூடு.

டீசல் நோவாவில் இருப்பது 3சீ-டீ என்ற 2,184 கன சென்ரிமீற்றர் டர்போ எஞ்சின். சுமார் 90 குதிரைவலு. இதன் கீழ்ப்பகுதி வார்ப்பிரும்பு, மேலே உள்ள ஹெட் அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். தண்ணீர் ஒழுங்காக ஓடும்வரை இதனால் பிரச்சினை இல்லை. ஒரு தடவை தண்ணீர் வற்றி எஞ்சின் கொதித்துவிட்டால் ஹெட் வளையும் அல்லது வெடிக்கும். வெடிப்பு மயிர் அளவுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆறிய எஞ்சின் சாதுவாக ஸ்டார்ட் ஆகும். கண்டி வாவியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் ஒரு குறையும் தெரியாது. ஏற்றத்தில்தான் தன் குணத்தைக் காட்டும்.

கலஹா வீதியில் எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு இதுதான் நடந்தது. தகப்பனாரின் சேமலாப நிதி, அடகு வைத்த நகை, மீதிக்கு லீசிங். வேன் பளபளவென்று இருந்தது. விற்றவர் கட்டுகஸ்தோட்டை வரை ஓட்டிக் காட்டினார். நாமும் கூடத்தான் போனோம். "நல்ல வேன்தான்" என்று சொன்னவர்களில் நாமும் இருந்தோம். மூன்றாம் கிழமை புசல்லாவைக்கு மேலே ஏறும்போது ஆவி கிளம்பியது. கழற்றிப் பார்த்தபோது ஹெட்டில் ஏற்கெனவே ஒட்டுவேலை செய்த அடையாளம் இருந்தது. தெர்மோஸ்டாட்டை முன்னமே யாரோ கழற்றி வீசியிருந்தார்கள். கூலன்ற் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கிணற்றுத் தண்ணீர், துருவேறிச் செம்மண் நிறத்தில் இருந்தது. வேன் நாலு மாதம் கராஜில் கிடந்தது. லீசிங் தவணை ஒரு மாதமும் நிற்கவில்லை.

அன்று நாம் பார்க்காமல் விட்டவற்றை இங்கே சொல்வது எமது கடமை.

வேனைப் பார்க்கப் போகுமுன், எஞ்சினை ஸ்டார்ட் செய்யவேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். போனதும் ஆசனத்தைத் தூக்கி எஞ்சினில் கை வையுங்கள். சுடுகிறதென்றால் உங்களுக்காக யாரோ முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் மட்டும் ரேடியேற்றர் மூடியைத் திறவுங்கள். சூட்டில் திறந்தால் முகம் வெந்துபோகும். தண்ணீர் பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிவாக இருக்கவேண்டும். எண்ணெய்ப் படலம் மிதக்கக்கூடாது. மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். சிறு குமிழிகள் முதலில் வரும், அடங்கிவிடும். அடங்காமல் சோடாப் போத்தல் போல வந்துகொண்டே இருந்தால், சிலிண்டரின் காற்று தண்ணீருக்குள் புகுகிறது என்று அர்த்தம். அந்த இடத்திலேயே "நன்றி ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

குமிழி இல்லையா? மூடியைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போங்கள். கண்டி நகரிலிருந்து ஹந்தானை தேயிலை நூதனசாலைக்கு ஏறும் பாதை இதற்கு நல்ல பரீட்சை. வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். வெறும் வேனை எந்த எஞ்சினும் இழுக்கும். மேலே போய் நிறுத்தாமல் சில நிமிடம் ஓடவிட்டு, சூட்டு முள்ளைக் கவனியுங்கள். நடுவில் நின்றால் சரி. நடுவைத் தாண்டி நகர்ந்தால் சரியில்லை. முள் அசையவே இல்லையென்றால் அதையும் சந்தேகியுங்கள். வேலை செய்யாத முள்ளோடு எத்தனையோ வேன்கள் ஓடுகின்றன.

இன்னொரு விடயம் டைமிங் பெல்ட். இந்த டீசல் எஞ்சினில் அதை 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதும்; எஞ்சின் அத்தோடு முடிந்தது. எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கிலோமீற்றர் கணக்கைப் பற்றிக் கேட்கிறீர்களா? 25 வருட வேன் 98,000தான் ஓடியது என்று மீற்றர் சொன்னால், மீற்றருக்கு நல்ல கற்பனை இருக்கிறது.

தகடும் தாளும்

துருவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பின்சில்லு வளைவுகள், இழுகதவின் கீழ்த் தண்டவாளம், படிக்கட்டின் அடிப்பகுதி ஆகிய மூன்றும்தான் முதலில் போகும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டி மட்டும்தான். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின்போது எமது மாவட்டத்தில் வெள்ளம் புகுந்த வீடுகளில் வாகனங்களும் நனைந்தன. ஆகையால் ஆசனப்பட்டியைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் அதை யாரும் கழுவியிருக்கமாட்டார்கள். அப்படியே நடுவரிசைப் பட்டிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். புதிய உறை போடும்போது அவற்றை ஆசனத்துக்கு அடியில் புதைத்துவிடும் பழக்கம் உண்டு.

சாவியை முதல் திருகு திருகியதும் விளக்குகள் எல்லாம் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணையவேண்டும். எரியாத விளக்கு நல்ல சகுனம் அல்ல. பல்பைக் கழற்றியிருப்பார்கள்.

இனித் தாள். பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கத்தை வேனில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சீஆர் 40 அல்லது 50 என்று தொடங்கினால் டீசல் நோவா. எஸ்ஆர் என்றால் பெற்றோல் நோவா. சீஆர் 42, கேஆர் 42 என்பவை நாம் மேலே சொன்ன பொருள் ஏற்றும் வகை. அவற்றில் ஆசனம் பின்னர் பொருத்தியதாக இருக்கலாம். அப்படியானால் அது எதில் பூட்டப்பட்டிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். தயாரித்த ஆண்டும் இங்கே பதிந்த ஆண்டும் வெவ்வேறு. விலை பேசவேண்டியது தயாரித்த ஆண்டுக்குத்தான். முந்திய லீசிங் நிறுவனத்தின் பெயர் புத்தகத்தில் இன்னும் இருந்தால் அதை நீக்கிய பின்பே பணம் கொடுங்கள். 'ஓபன் பேப்பர்' வேண்டவே வேண்டாம். நாலு கை மாறிய திறந்த தாளில், முதல் உரிமையாளர் இறந்துபோய் வாரிசுகளின் கையொப்பத்துக்கு அலைந்தவர்களை நாம் அறிவோம்.

எதை வாங்குவது?

பிரேக்கைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். இவற்றில் பல ஓட்டோ கியர் வேன்கள். கியர்த் தடியில் உள்ள 'ஓவர்டிரைவ்' பொத்தானை அழுத்தி நிறுத்தாமல், றம்பொடைப் பக்கத்து இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வருவது ஆபத்து. பழைய பிரேக் எண்ணெய் ஈரம் உறிஞ்சியிருக்கும். சூட்டில் அது கொதித்தால் மிதி பஞ்சு போலத் தரைவரை போகும். வாங்கிய முதல் நாளே பிரேக் எண்ணெயை மாற்றுங்கள். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிறவருக்கு இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வேன்களின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி அனுமதி வந்தும், வரியோடு புதியவை எமது மக்களின் கைக்கு எட்டுவதாக இல்லை. அதனால் 20 வருட நோவாவுக்கு அதன் வயதுக்குப் பொருந்தாத விலை கேட்கிறார்கள். டீசல் மலிவு என்ற பழைய நியாயமும் தேய்ந்துவிட்டது. 2022 யூனில் ஒரு லீற்றர் 460 ரூபாவுக்குப் போனதையும், கியூஆர் அட்டையில் வேனுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வரிசையில் நின்றதையும் யாரும் மறக்கவில்லை. பெற்றோலுக்கும் டீசலுக்கும் முன்புபோல் பெரிய இடைவெளி இப்போது இல்லை.

ஆகவே எமது அபிப்பிராயம் இது. தினமும் ஹயர் ஓட்டப்போகிறவர், ஹெட் நல்லதென்று மலையேற்றிப் பார்த்த டீசலையே எடுக்கலாம். 3சீ-டீ என்றால் பம்ப் பழைய பாணியில் இயங்குவது, ஊர் மெக்கானிக்கே திருத்துவார். பிந்திவந்த 3சீ-டீஈ மின்னணுப் பம்ப் கொண்டது, பழுதானால் செலவு கூட. கிழமைக்கு இரண்டு முறை கண்டிக்கு வந்துபோகும் குடும்பத்துக்குப் பெற்றோல் வண்டி போதும். கேஆர் 42இல் உள்ள 1,781 கன சென்ரிமீற்றர் எஞ்சினில் டர்போவும் இல்லை, டைமிங் பெல்ட்டும் இல்லை, சங்கிலிதான். ஏற்றத்தில் சற்று முனகும். மேலே போய்ச் சேரும். உதிரிப்பாகம் கண்டியில் இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும்.

எதை எடுத்தாலும் கையிலுள்ள தொகை முழுவதையும் வேனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வையுங்கள். பெல்ட், தண்ணீர்க் குழாய்கள், பிரேக், நாலு டயர் என்று முதல் மூன்று மாதத்தில் அது கரைந்துவிடும்.

கலஹா வீதிக் குடும்பம் அந்த வேனைப் பாதி விலைக்கு விற்றுக் கடனை அடைத்தது. இந்த வருடம் மகன் மறுபடியும் ஒன்று பார்த்தார். எம்மையும் கூப்பிட்டார். குமிழி வரவில்லை, தாளும் சரி. ஹந்தானைக்கு ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டதும், பெற்றோல் குறைவாக இருக்கிறது என்றார் விற்பவர். நாம் நிரப்பித் தருகிறோம் என்றோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இன்னொருவர் முற்பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றார். பஸ்ஸில் திரும்பி வந்தோம். மகன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.